கோப்பெங்கா, ஆறாம் படிவமா, உங்கு ஓமாரா, கம்பாரா?

ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்துவிட்டால், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டில் எந்தக் கடையில் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தாலும் பேச்சு ஒன்றுதான்: பிள்ளையை அடுத்து எங்கே போடுவது? வாட்சாப்பில் தனியார் கல்லூரி விளம்பரங்கள் வந்து விழும். "எங்க அண்ணன் மகன் அங்கதான் போனான், இப்ப நல்லா இருக்கான்" என்று ஆளுக்கொரு சாட்சியும் சொல்வார்கள். கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் வேலையைப் பல வருடமாகச் செய்து வருகிறேன். அதில் பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன்.

பேராக்கை விட்டு வெளியே அனுப்ப வசதி இல்லாத, அல்லது மனம் வராத குடும்பங்களுக்குத்தான் இது. அவர்களுக்கு முன்னால் உள்ள பெரிய வழிகள் நான்கு: கோப்பெங்கில் இருக்கும் பேராக் மெட்ரிகுலேஷன் கல்லூரி (பல்கலைக்கழகத்துக்கு முந்திய அரசாங்கப் படிப்பு), போய்வரும் தூரத்தில் ஆறாம் படிவம், ஈப்போவில் உங்கு ஓமார் பாலிடெக்னிக், கம்பாரில் யூடார் அல்லது தார் யூ.எம்.டி. என்ற தனியார் பல்கலைக்கழகங்கள். ஆசிரியர் பயிற்சி தனிக் கதை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மெட்ரிக் கிடைத்துவிட்டால் யோசிக்கவே வேண்டாம் என்பார்கள். அறிவியல் அல்லது கணக்கியல் பிள்ளைக்கு அது பெரும்பாலும் சரிதான். ஒரே வருடம், படிப்புக் கட்டணம் இல்லை, விடுதி உண்டு, கைச்செலவுக்கு அரசாங்கப் படியும் உண்டு. சிக்கல் கிடைப்பதில்தான். பூமிபுத்ரா (மலாய்க்காரரும் பூர்வகுடியினரும்) அல்லாதவர்களுக்கு 10 விழுக்காடு இடம் என்பது நெடுநாள் கணக்கு. 2024இல் பிரதமர் அன்வார், 10ஏ அல்லது அதற்கு மேல் எடுத்த எல்லாப் பிள்ளைகளுக்கும், எந்த இனமாக இருந்தாலும், மெட்ரிக்கில் இடம் உண்டு என்று அறிவித்தார். நல்ல செய்திதான். ஆனால் அந்தப் பத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். அறிவியல் பிரிவில் மலாய், ஆங்கிலம், வரலாறு, நன்னெறி, கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று எடுத்தால் ஒன்பதோடு நின்றுவிடும். நம் பிள்ளைக்குப் பத்தாவது பாடம் தமிழ்மொழிதான். "தமிழ் எதுக்கு, பாரம் கூடும்" என்று நான்காம் படிவத்தில் தமிழை விட்டுவிட்ட பிள்ளை ஒன்பதிலும் ஏ எடுத்தாலும் அந்த உத்தரவாதத்துக்குள் வராது. ஆகவே இது எஸ்.பி.எம். முடிந்த பிறகு யோசிக்கும் விஷயமே இல்லை. உங்கள் வீட்டில் இப்போது மூன்றாம் படிவப் பிள்ளை இருந்தால் இன்றைக்கே பேசி முடிவு செய்யுங்கள்.

6ஏ, 7ஏ எடுத்தவர்களும் மெட்ரிக்குக்கு விண்ணப்பிக்கத்தான் வேண்டும். கிடைக்காவிட்டால் மேல்முறையீடும் செய்யுங்கள். ஆனால் அதற்காகக் காத்திருந்து மற்ற வழிகளை நழுவவிடக் கூடாது. மெட்ரிக் வேகமாக ஓடும் படிப்பு. தொடக்கத்திலேயே சறுக்கினால் எழுந்து நிற்க அவகாசம் குறைவு. கலைப்பிரிவுப் பிள்ளைக்கு அங்கே அநேகமாக வழியே இல்லை.

அடுத்தது ஆறாம் படிவம். நான்கில் நம் மக்கள் மிகவும் குறைத்து மதிப்பிடுவது இதைத்தான், அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

"ஏன் சார், மறுபடியும் ஸ்கூலா?" என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். தாய்மாருக்கும் காலேஜ் என்று சொல்லிக்கொள்ள முடியவில்லையே என்ற குறை. ஆறாம் படிவத்தில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வு ரொம்பக் கஷ்டம் என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். அந்தப் பயம் பாதி பழைய காலத்து மிச்சம். முன்பெல்லாம் எல்லாவற்றையும் கடைசியில் ஒரே மூச்சாக எழுத வேண்டியிருந்தது. இப்போது ஒன்றரை வருடத்தை மூன்று தவணையாகப் பிரித்து, தவணைக்கு ஒரு தேர்வு வைக்கிறார்கள். முதல் தவணையில் புள்ளி சரிந்தால் அந்தத் தாளை மறுபடி எழுதி ஏற்றிக்கொள்ளலாம். முதல் தவணை முடிவுத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் என் முன்னால் அழுதிருக்கிறாள், வரலாற்றில் சி. மறுதேர்வு எழுதினாள், கடைசித் தவணையையும் நன்றாகச் செய்தாள், இன்றைக்கு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்.

பெரும்பாலான பிள்ளைகள் எடுப்பது நான்கு பாடம், அதில் பொதுப்பாடம் கட்டாயம். கலைப்பிரிவில் வரலாறு, பொருளாதாரம், வணிகவியல் என்று எடுக்கலாம், தமிழ்மொழியையும் ஒரு பாடமாக எடுக்கலாம். அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது 90 விழுக்காடு தேர்வு முடிவுக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் போகும். எஸ்.டி.பி.எம்.மை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்றுக்கொள்கின்றன. மெட்ரிக்குக்கு அந்த அளவு வெளி மதிப்பு கிடையாது. செலவென்று பார்த்தால் புத்தகம், பேருந்து, சாப்பாடு. மருத்துவம், சட்டம், கணக்கியல், ஆசிரியப் படிப்பு என்று எந்தக் கதவும் மூடிப்போவதில்லை. பதினேழு வயதில் என்னவாகப் போகிறோம் என்று தெரியாத பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் நான் பார்த்ததில்லை.

இதில் ஓர் அபாயமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. எஸ்.டி.பி.எம்.மில் சரியாகச் செய்யாத பிள்ளையின் கையில் ஒன்றரை வருடம் கழித்தும் தொழில் சான்றிதழ் என்று எதுவும் இருக்காது. உட்கார்ந்து படிக்கும் பழக்கம் இல்லாத பிள்ளையை, கட்டணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அங்கே தள்ளாதீர்கள்.

அந்தப் பிள்ளைக்குத்தான் பாலிடெக்னிக். உங்கு ஓமார் 1969இல் தொடங்கியது, நாட்டின் முதல் பாலிடெக்னிக். அது நமக்கு இவ்வளவு பக்கத்தில் ஈப்போவில் இருப்பதே பெரிய வசதி. சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், கப்பல் பொறியியல், வணிகம் என்று பிரிவுகள் இருக்கின்றன. படிப்புக் கட்டணம் தவணைக்கு 200 வெள்ளி (ரிங்கிட்). மூன்று வருடத்துக்குள் டிப்ளோமா கைக்கு வரும். அதில் ஒரு முழுத் தவணை தொழிற்சாலையிலோ நிறுவனத்திலோ பயிற்சி. நல்ல புள்ளியோடு முடித்தால், அரசாங்க உயர்கல்வி இடங்களுக்கான பொது விண்ணப்ப முறையான யூ.பி.யூ. வழியாக இளங்கலைக்கும் போகலாம். டிப்ளோமா பாடங்களில் சிலவற்றைக் கழித்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. அப்படிக் கிடைத்தால் சுற்றிவந்த காலத்தில் கொஞ்சம் மிச்சமாகும்.

எஸ்.பி.எம்.மில் நான்கைந்து கிரெடிட் எடுத்து, வீட்டில் மோட்டாரைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கும் பையனுக்கு இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "பாலிடெக்னிக்கா? டிகிரி இல்லையா?" என்று கேட்கும் மாமாமார்களைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஒன்றை மட்டும் யோசியுங்கள்: விடுதி எத்தனை தவணைக்குக் கிடைக்கும் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கிடைக்காத பையன்கள் இங்கிருந்து முப்பது கிலோமீட்டர் போல மோட்டாரில் போய்வருகிறார்கள். செம்மோர், கந்தான் பக்கம் சிமெண்டு லாரிகளுக்கு நடுவே, விடியற்காலை இருட்டிலும் சாயங்கால மழையிலும் அந்தப் பயணம். பெட்ரோல் காசை மிச்சம் பிடிப்பதாக நினைத்துப் பிள்ளையை அந்தச் சாலையில் தினமும் விடுவதை என் மனம் ஏற்பதில்லை. நான்கு பையன்கள் சேர்ந்து ஈப்போவில் ஓர் அறை எடுத்துக்கொள்ளட்டும்.

கம்பாருக்கு வருவோம். யூடார் 2002இல் தொடங்கி, 2007இலிருந்து கம்பாரிலும் நடக்கிறது. தார் யூ.எம்.டி. 1969இல் கல்லூரியாகத் தொடங்கியது. 2022இல் இன்றைய பெயரோடு பல்கலைக்கழகமானது. கம்பாரில் அதற்கும் கிளை உண்டு. இரண்டுமே லாபத்துக்காக நடத்தப்படாதவை, படிப்பும் நல்ல படிப்பு. ஆங்கிலத்தில் பாடம் நடப்பதால் பிள்ளையின் ஆங்கிலம் திருந்துவதைக் கண்ணால் பார்க்கிறோம். எஸ்.பி.எம்.மில் நல்ல ஏக்கள் இருந்தால் கட்டணக் கழிவும் கிடைக்கும், அதைக் கேட்காமல் யாரும் பதிவு செய்யாதீர்கள். அப்படிக் கழித்த பிறகும் இளங்கலை முடிய பல பத்தாயிரம் வெள்ளி ஆகும்.

தோட்டத்துக் குடும்பங்கள் தடுக்கி விழும் இடம் இந்தப் பணக் கணக்குதான். அடித்தளப் படிப்பு என்று ஒரு வருடம் சேர்ப்பார்கள், அதற்கு பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடன் கிடையாது. அந்த வருடப் பணம் முழுக்க வீட்டிலிருந்துதான் போக வேண்டும். டிப்ளோமாவுக்கும் இளங்கலைக்கும் கடன் உண்டு, ஒரு விழுக்காடு கட்டணத்தோடு. ஆனால் தனியார் கட்டணம் முழுவதையும் அது மூடாது. கிடைக்கும் தொகையும் வீட்டு வருமானத்தைப் பொறுத்தது. விண்ணப்பிக்கும் முன் எஸ்.எஸ்.பி.என். என்ற கல்விச் சேமிப்புக் கணக்கும் திறந்திருக்க வேண்டும். ஆகவே கம்பார்தான் என்று முடிவெடுத்தால், தார் யூ.எம்.டி.யின் டிப்ளோமா வழியையும் அடித்தளப் படிப்பு வழியையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். டிப்ளோமாவில் முதல் வருடத்திலிருந்தே கடன் கேட்கலாம். வழியில் நிறுத்த நேர்ந்தாலும் முடித்த டிப்ளோமா கையில் மிஞ்சும்.

செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் ஓர் அப்பா, தன் ஊழியர் சேமநிதி அறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் கொண்டுவந்தார். "இத எடுத்துக் கட்டிடலாமா தம்பி?" என்று கேட்டார். 2024 மே மாதத்திலிருந்து சேமநிதி மூன்று கணக்காகப் பிரிந்திருக்கிறது. பிள்ளையின் டிப்ளோமா, இளங்கலைக் கட்டணத்துக்கு அவற்றில் செஜாத்ரா என்ற கணக்கிலிருந்து எடுக்கலாம், சட்டப்படி தப்பில்லை. ஆனால் அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. அந்தக் கணக்கில் இருந்த தொகை ஒன்றரை வருடக் கட்டணத்துக்குத்தான் வந்தது. மீதி எங்கிருந்து வரும் என்று தெரியாமல் அதில் கை வைக்கக் கூடாது என்று சொன்னேன். அவர் மகளுக்கு 5ஏ, புத்தகத்தை எடுத்தால் கீழே வைக்காத பெண். இந்த மாதிரிப் பெண்ணுக்கு ஆறாம் படிவம் இருக்கும்போது அப்பாவின் முதுமைப் பணத்தை ஏன் செலவழிக்க வேண்டும்?

இன்னொன்று. தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பெற்றோரோ தாத்தா பாட்டியோ உறுப்பினராக இருக்கிறார்களா என்று வீட்டில் கேளுங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், நம் ஊர்க்காரரான துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய சங்கம் அது. உறுப்பினர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி கொடுக்கிறது. பங்குப் புத்தகம் அலமாரியில் துணிக்கு அடியில் கிடக்கும், கேட்கத்தான் ஆள் இருக்காது.

ஆசிரியராக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லும் பிள்ளைகள் நம் ஊரில் நிறைய. அவர்களுக்கு எஸ்.பி.எம்.முக்குப் பிறகு ஆசிரியர் பயிற்சிக் கழகத்தின் முன்தயாரிப்புப் படிப்பு இருக்கிறது. தேர்வும் நேர்முகமும் உண்டு, போட்டி கடுமை. கிடைக்காதவர்கள் மனம் உடைய வேண்டாம். தஞ்சோங் மாலிமில் 1922இல் ஆசிரியர் கல்லூரியாகத் தொடங்கி 1997இல் பல்கலைக்கழகமான சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே தமிழ்மொழிக் கல்வியில் இளங்கலையும் இருக்கிறது. ஆறாம் படிவத்தில் தமிழ் எடுத்த பிள்ளைக்கு அது நேர்வழி, அதுவும் பேராக்குக்குள்ளேயே.

சரி, ஊருக்குள் மேசை போட்டு, இலவச மடிக்கணினி தருகிறோம் என்று கூப்பிடும் சின்னக் கல்லூரிகள்? எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். அந்தப் படிப்பின் பெயர், படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் எம்.க்யூ.ஏ.வின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். கல்லூரியின் பெயர் அங்கே இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் சேரும் படிப்பே இருக்க வேண்டும். முகவர் முன்னாலேயே தேடுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. சேர்ந்து ஒரு வருடம் கழித்து அங்கீகாரம் இல்லை என்று தெரிந்துகொண்ட பிள்ளையோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். கட்டிய பணம் போனதைவிட, அந்த வருடத்தைத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியவில்லை என்பதுதான் எனக்கு வலித்தது.

இந்த நான்கில் எதை நினைத்திருந்தாலும் மெட்ரிக், யூ.பி.யூ., ஆறாம் படிவம் மூன்றையும் இணையத்தில் பார்த்துவிடுங்கள். கெடு தேதியை நாள்காட்டியில் வட்டமிடுங்கள். எந்த அழைப்பு முதலில் வந்தாலும் பிள்ளை வீட்டில் சும்மா இருக்காமல் அங்கே போகட்டும். ஆறாம் படிவத்தில் சேர்ந்த பிறகு பாலிடெக்னிக் அழைப்பு வந்தால், பள்ளியில் விலகல் கடிதம் கொடுத்துவிட்டுப் போகலாம். புத்தகக் காசைத் தவிர பெரிய நஷ்டம் இருக்காது. தனியாரில் மட்டும் அப்படி இல்லை. விலகினால் பதிவுப் பணத்தில் எவ்வளவு திரும்ப வரும், எத்தனை நாளுக்குள் வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே முதல் வெள்ளியைக் கட்டுங்கள்.