எண்ணூர் கடலில் 'தூண்டில் ட்ரிப்' என்று முன்பணம் கேட்டால் கொடுக்காதீங்க

ஞாயிற்றுக்கிழமை கடலில் தூண்டில் போட ஆசைப்படுகிறவர்களைக் குறிவைத்து, காசிமேடு, எண்ணூர் பக்கம் ஒரு புரோக்கர் ஆள் பிடிக்கிறார். "பர்மிஷன், லைஃப் ஜாக்கெட் எல்லாம் இருக்குண்ணா, வந்து உக்காந்தா போதும்" என்பார். இப்படி ஒரு குழுவில் ஆறு பேருக்கு 9,000 ரூபாய் ஜிபேயில் வாங்கினார். ஏற்றியது சாதாரண மீன்பிடி ஃபைபர் போட். காட்டுப்பள்ளிக்கு நேரே ரோந்துப் படகு மறித்து, பெயரும் ஆதாரும் குறித்துக்கொண்டு கரைக்கே திருப்பி அனுப்பியது. பணம் திரும்பி வரவில்லை. அதோடு, "ரோந்துக்காரங்களுக்கு ஃபைன் கட்டணும், இன்னும் 5,000 போடுங்க" என்று போன் வேறு. அரசு அபராதம் என்றால் ரசீது உண்டு. ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீங்க.

படகின் முன்பக்கத்தில் எழுதியிருக்கும் நம்பரைக் காட்டி "ரிஜிஸ்டர் பண்ண போட்டு" என்பார்கள். நடுவில் 'எம்எம்' என்றால் விசைப்படகு, 'எம்ஓ' என்றால் மோட்டார் பொருத்திய நாட்டுப்படகு. இரண்டுமே மீன்பிடிக்கத்தான், காசு வாங்கி ஆள் ஏற்ற அந்தப் பதிவு போதாது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிப்போன மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். எண்ணூர் முகத்துவாரமும் லேசுப்பட்ட இடமில்லை. மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும், அலை அதன்மேல் ஏறி உடையும். அதைப் பக்கவாட்டில் வாங்கும்போது பயந்துபோய் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் போதும், படகு கவிழ்ந்துவிடும்.

அந்தப் படகில் ஆறு பேருக்கு மூன்று ஜாக்கெட். ஒன்றின் தையல் விட்ட மூலையில் கட்டைவிரலால் அழுத்தினால், உள்ளே தெர்மகோல் பொடிப்பொடியாக நொறுங்கியது. விசில் இல்லை, ஒளிர்பட்டை இல்லை, பெல்ட் கிளிப் உடைந்திருந்தது. ஜாக்கெட் எவ்வளவு விசையோடு ஆளை மிதக்க வைக்கும் என்பதை நியூட்டன் கணக்கில் லேபிளில் போட்டிருப்பார்கள். கடலுக்கு 150 நியூட்டன் என்று இருப்பதைக் கேளுங்க. 50 நியூட்டன் என்பது நீச்சல் தெரிந்தவருக்கு, கரைப்பக்கத்தில் மட்டும். மயங்கியவரை அது மல்லாக்கத் திருப்பாது. போட்டுப் பார்க்கும்போது தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்க. காதுவரை ஏறினால் அது உங்களுக்கு உதவாது.

ரோந்து மறிப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2008-ல் மும்பையைத் தாக்கியவர்கள் ஒரு மீன்பிடிப் படகைக் கைப்பற்றித்தான் வந்தார்கள். இங்கே காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் அடுத்தடுத்து இருக்கின்றன. மீனவர் அடையாள அட்டை இல்லாத ஆறு புது முகங்கள் அங்கே சுற்றினால் கேட்கத்தான் செய்வார்கள். மறித்தால் வேகத்தைக் குறைத்து நியூட்ரலில் போடணும். யாரும் எழுந்து நிற்கக் கூடாது, போனில் வீடியோ எடுக்கக் கூடாது. அவர்கள் படகு பக்கத்தில் வரும்போது கையை விளிம்புக்கு வெளியே வைத்தால் நசுங்கிவிடும். கேட்டதற்கு உள்ளதைச் சொல்லுங்க. புரோக்கர் சொல்லிக்கொடுத்தபடி "சொந்தக்காரங்க" என்று மட்டும் சொல்லாதீங்க, அந்தப் பொய் உங்கள் தலையில்தான் விழும்.

கடலில் ஆபத்து என்றால் படகில் உள்ள விஎச்எஃப் ரேடியோவில் 16-வது சேனலில் கூப்பிடுங்க. சிக்னல் கிடைத்தால் கோஸ்ட் கார்டு 1554, கடலோரப் போலீஸ் 1093. பணம் போட்டு ஏமாந்திருந்தால் அன்றைக்கே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் அடித்து, பரிவர்த்தனை எண்ணைச் சொல்லிப் புகார் பதியுங்க. புரோக்கருடன் பேசிய வாட்ஸப்பை அழிக்காதீங்க, படகு நம்பரையும் சேர்த்துக் கொடுங்க.