டீன் ஏஜ் காதலும் வன்முறையும்: திருகோணமலையில் நடந்த அரைநாள் பயிற்சி, போய் வந்த ஒரு அப்பாவின் விமர்சனம்

போகலாம். பிள்ளைகளை இறக்கிவிட்டு வெளியே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து போன் பார்க்காமல் நீங்களும் உள்ளே போய் இருந்தால்தான் பிரயோசனம், ஏனென்றால் இந்தப் பயிற்சியின் நல்ல பகுதி பெற்றோருக்கானதுதான்.

நடத்தியது உள்ளூர்ப் பெண்கள் அமைப்பு ஒன்று. பெயரைப் போட வேண்டாம் என்று அவர்களே கேட்டார்கள். 'பிள்ளைகளுக்குக் காதலிக்கப் பழக்குகிறீர்களா' என்று வாசலில் வந்து சத்தம் போட்ட ஆட்களும் உண்டாம். உவர்மலைப் பக்கம் ஒரு மண்டபம், கட்டணம் இல்லை, பத்தாம் ஆண்டுக்கு மேலே படிக்கிற பிள்ளைகளும் பெற்றோரும் வரலாம். தேத்தண்ணியும் ரோல்ஸும் தந்தார்கள், ரோல்ஸ் நல்ல உறைப்பு, மண்டபம்தான் புழுங்கித் தள்ளியது. மகளும் மகனும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார்கள். அப்பாமார் என்று பார்த்தால் என்னோடு சேர்த்து ஒரு வாங்கில் அடங்கிவிடுவோம்.

முதல் பகுதியில் திரையில் வட்ஸ்அப் மெசேஜ்களை ஒவ்வொன்றாகப் போட்டார்கள். "எங்க நிக்கிறாய்?" "ஆரோட?" "உடன ஒரு படம் எடுத்து அனுப்பு." "கிளாஸ் முடிஞ்சு எவ்வளவு நேரம், ஏன் இன்னும் வீட்ட போகேல்ல?" "அவளோட கதைக்காத எண்டு சொன்னனான் எல்லோ." "நீ விட்டுட்டுப் போனா நான் செத்துப்போவன்." ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, இது அன்பா அதிகாரமா என்று கேள்வி. பின்வரிசைப் பெடியள் 'அக்கறையில கேக்கிறான் மிஸ்' என்று வாதாடினார்கள். நடத்திய பிள்ளை, இருபத்தைந்து வயதுதான் இருக்கும், அவர்களோடு மல்லுக்கட்டவில்லை. "சரி, அவள் பதில் போடாட்டி என்ன நடக்கும்?" என்று மட்டும் திருப்பிக் கேட்டார். அதைத்தான் அன்று முழுக்கப் பிடித்துக்கொண்டு போனார்கள். மாட்டேன் என்று சொன்னால் ஒருநாள் கோபித்துக்கொண்டு இருக்கிறானா, அது சாதாரணம். மாட்டேன் என்று சொல்லவே பயமாக இருக்கிறதா, அது வேறு. இதைவிடச் சுருக்கமாக இந்த விஷயத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அடி கடைசியாகத்தான் வருமாம். அதற்கு முன்னால் சிநேகிதிகளை ஒவ்வொருவராக வெட்டிவிடுவது, போன் பாஸ்வேர்ட் கேட்பது, மணிக்கட்டை இறுக்கிப் பிடிப்பது, டியூஷன் ஒழுங்கையில் பைக்கை குறுக்கே விட்டு மறிப்பது, பிறகு அழுது மன்னிப்புக் கேட்டு ஒரு சொக்லேட். இந்தப் பட்டியலில் பாதியை நம் சினிமாக் கதாநாயகர்கள் பாட்டோடு செய்கிறார்கள், அது வேறு கதை.

போன் பகுதி சுருக்கம், ஆனால் உருப்படியானது. வட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை 15 நிமிடம், 1 மணித்தியாலம், 8 மணித்தியாலம் என்று கொடுக்கலாம். 8 மணித்தியாலக் கணக்கில் தினமும் கேட்கிற பெடியன் காவல்காரன்தான் என்றார்கள். லொக் நம்பர் தெரிந்தவன் கையில் போன் கொஞ்ச நேரம் இருந்தால் போதும், லிங்க்ட் டிவைசஸ் வழியாக உங்கள் வட்ஸ்அப்பைத் தன் கணினியில் திறந்து வைக்கலாம் என்று காட்டியபோது முன்வரிசைப் பிள்ளைகள் எல்லோரும் குனிந்து செட்டிங்ஸைப் பார்த்தார்கள். அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டினால் என்ன செய்வது என்பதும் இதில் வந்தது. 18 வயதுக்குக் கீழே எடுத்த படம் என்றால் டேக் இட் டவுன் (Take It Down), பெரியவர்களுக்கு ஸ்டொப் என்சிஐஐ (StopNCII) என்று இலவச இணையத்தளங்கள் இருக்கின்றன. படத்தை எங்கும் அனுப்பத் தேவையில்லை, அதன் டிஜிட்டல் அடையாளத்தை, அதாவது கைரேகை மாதிரி ஒரு குறியீட்டை, நம் போனிலேயே உருவாக்கி அதை மட்டும் எடுத்துக்கொண்டு, சேர்ந்திருக்கிற சமூக ஊடகங்களில் தடுக்கப் பார்ப்பார்கள். மிரட்டல் மெசேஜ்களை அழிக்காமல் ஸ்கிரீன் ஷொட் எடுத்து வைக்கவும் சொன்னார்கள். 'ஆதாரம்' என்று அந்தரங்கப் படத்தையே மாமி, சித்தி, குடும்பக் குரூப் என்று சுற்ற விடும் நம் ஆட்களையும் நன்றாகக் கண்டித்தார்கள், சந்தோஷம்.

தேத்தண்ணிக்குப் பிறகு பெற்றோரைத் தனியாக இருத்தினார்கள். ஒரு கேள்விதான்: உங்கள் மகள் வந்து 'அப்பா, ஒருத்தன் மிரட்டுகிறான்' என்று சொன்னால் அடுத்த பத்து நிமிடத்தில் என்ன செய்வீர்கள்? கையை உயர்த்தியவர்கள் சொன்னதெல்லாம் ஒன்றுதான். போனைப் பறிப்போம், டியூஷனை நிறுத்துவோம், மட்டக்களப்பில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்புவோம், ஒரு அம்மா 'முதல்ல ரெண்டு போடுவன்' என்றார். அதை எல்லாம் பலகையில் எழுதிவிட்டு இந்தப் பகுதியை நடத்திய அக்கா கேட்டார்: இப்போது அந்தப் பெடியனின் மிரட்டல் என்ன? 'உன் வீட்டில் சொல்லிப்போடுவன்.' அவன் கையில் இருக்கிற ஆயுதத்தைக் கூர் தீட்டிக் கொடுக்கிறது நாங்கள்தான். வீட்டில் தெரிந்தால் படிப்பே போய்விடும் என்று தெரிந்த பிள்ளை எப்படி வாயைத் திறக்கும்? அவன் சொன்ன இடத்துக்குத்தான் போகும்.

'கடைசியா ஒருக்கா சந்திச்சுக் கதைப்பம்' என்று கூப்பிடும்போது தனியாகப் போக வேண்டாம் என்பதையும் அழுத்திச் சொன்னார்கள். பிரிகிற நேரம்தான் ஆபத்துக் கூடிய நேரம். போயே ஆக வேண்டும் என்றால் உப்புவெளிக் கடற்கரையின் ஆளில்லாத பக்கம் வேண்டாம், சனம் இருக்கிற டச் பே கடற்கரைப் பக்கம், ஒருவரைக் கூட்டிக்கொண்டு, ஒருவரிடம் சொல்லிவிட்டு.

இனி குறைகள். சட்டத்தரணியின் பகுதி தூக்கம் வந்தது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தைப் பிரிவு பிரிவாக வாசித்தார். அது கணவன் மனைவி, முன்னாள் துணை, சேர்ந்து வாழ்கிறவர், உறவினர் இவர்கள் செய்கிற வன்முறைக்கு எதிரான சட்டம், டியூஷனுக்குப் போகிற பிள்ளையின் காதலன் அதற்குள் வரவே மாட்டான். ஒரு அம்மா எழும்பி "அப்ப எங்கட பிள்ளையளுக்கு?" என்று கேட்ட பிறகுதான் வேண்டியதைச் சொன்னார்: பாலியல் தொந்தரவும் மிரட்டலும் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம், 16 வயதுக்குக் கீழே என்றால் பிள்ளையின் சம்மதம் கணக்கில்லை, சிறுவர் உதவிக்கு 1929, பெண்களுக்கு 1938, அவசரம் என்றால் 119. இதை முதலில் சொல்லியிருக்கலாம், ஒரு துண்டில் அச்சடித்தும் தந்திருக்கலாம்.

பெடியள் குறைவு. வந்தவர்களையும் குற்றவாளிகள் போல இருத்தி வைத்தது சரியில்லை. பெண்பிள்ளை அடித்தாலும் மிரட்டினாலும் வெளியே சொல்ல வெட்கப்படுகிற பெடியள் இருக்கிறார்கள், அதற்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்தது. சிநேகிதன் இப்படி நடந்தால் நீ என்ன சொல்லுவாய் என்று அவர்களிடம் கேட்டிருந்தால் என் மகன் வாயைத் திறந்திருப்பான்.

பெரிய குறை, தனியாகக் கதைக்க வைத்திருந்த மேசை. தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். எல்லோருடைய அம்மாவும் ரோல்ஸோடு நிற்கிற இடத்தில் எந்தப் பிள்ளை போய் உட்காரும்? ஒருவரும் போகவில்லை.

5க்கு 3.5 கொடுக்கிறேன். அடுத்தது மூதூரில் வைக்கிற யோசனையாம். கிண்ணியாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சனிக்கிழமை காலையில் வைக்காதீர்கள், உயர்தரப் பிள்ளைகள் முழுப்பேரும் அந்த நேரம் டியூஷனில்தான் இருப்பார்கள்.