‘கைனெட்டிக்’ என்று எழுதிய கயிறு: இழுத்துவிடப் போகிறவர்கள் வாங்குமுன் படிக்கவும்

ஆஃப்ரோடு போகிறவர்களும், தடத்தில் சிக்கிக் கிடக்கும் வண்டியைப் பார்த்தால் நிறுத்தி இழுத்துவிட்டுப் போகிறவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஆன்லைனில் ‘கைனெட்டிக் ரெக்கவரி கிட்’ என்ற பெயரில் ஒரு பை விற்கிறார்கள். ஒரு கறுப்புக் கயிறு, அதை வண்டியில் மாட்ட இரண்டு சிவப்பு ஷேக்கிள் (வில் போல வளைந்த இரும்பு, வாயை அடைக்க ‘பின்’ என்ற குறுக்கு ஆணி), ஒரு ஜோடி கையுறை. எனக்கு வந்த பையில் இருந்தது, இறுகும்போது நீண்டு சுருங்கும் கைனெட்டிக் கயிறே இல்லை. ஷேக்கிளும் வண்டி இழுக்கத் தகுதியானது இல்லை. எங்களை நம்பி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவரின் முன்கண்ணாடி உடைந்தபோதுதான் அது தெரிந்தது.

விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்தது இதுதான்: இரட்டைப் பின்னல் நைலான், நீளம் 9 மீட்டர், 30 சதவீதம் வரை நீளும், முறியும் பலம் 8 டன், ஷேக்கிள் 4.75 டன். ஒன்றுகூட அபத்தமான எண் இல்லை. நல்ல தயாரிப்பாளர்கள் போடும் விவரங்களை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்களையும் ஏமாற்ற வேண்டும் என்று திட்டம் போட்டுச் செய்த வேலை இது.

சிக்கியிருந்த வண்டி மழை விட்ட களிமண் இறக்கத்தில் அச்சு வரை புதைந்திருந்தது. நானும் நண்பரும் போய்ச் சேர்ந்தபோது அவர் ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்துச் சக்கரத்தை இன்னும் ஆழமாக இறக்கியிருந்தார். அதை முதலில் நிறுத்தச் சொன்னோம். டயர் காற்றைக் குறைத்தோம், சக்கரங்களுக்கு முன்னால் இருந்த சேற்றை வாரிப் போட்டோம், சக்கரத்துக்கு அடியில் பிடிப்புக்குப் போர்டு வைத்துப் பார்த்தோம். நகரவில்லை. சரி, கயிறுதான் என்று முடிவெடுத்தோம். இரண்டு வண்டியிலும் சேசிஸில் பிடித்திருந்த, இழுப்பதற்கென்றே உள்ள ரெக்கவரி பாயின்ட்டில்தான் மாட்டினோம். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கைப் போட்டோம். அவருடன் வந்தவர்களைக் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் அப்பால் பக்கவாட்டில் நிற்க வைத்தோம்.

நான் லோ ரேஞ்சில் (4x4 வண்டியின் மெதுவான கியர்), அவசரமில்லாமல்தான் நகர்த்தினேன். நல்ல கைனெட்டிக் கயிறு இறுகும்போது ஓட்டுகிறவருக்கு வண்டி மெதுவாகப் பின்னால் பிடிபடுவது தெரியும். கயிறு நீளும், அப்புறம் சுருங்கும், அந்தச் சுருக்கத்தில் பின்வண்டி எழுந்து வரும். இங்கே ‘டங்’ என்று ஒரே அடி. சீட் பெல்ட் நெஞ்சில் வெட்டியது. என் வண்டியின் பக்கம் இருந்த ஷேக்கிளின் பின் வளைந்து, வில் வாய் திறந்துகொண்டு கயிற்றோடு பின்னால் பறந்தது. அவர் வண்டியின் பானெட்டில் ஒரு பள்ளம் போட்டுவிட்டு முன்கண்ணாடியின் அடிப்பகுதியில் மோதியது. சாக்கு கொஞ்சம் வேகத்தைத் தின்றிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த இரும்பு கண்ணாடியோடு நின்றிருக்காது. அவருக்குக் காயமில்லை. ஆனால் கதவைத் திறந்து இறங்கவே அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

அப்புறம் நண்பரின் பழைய ஸ்னாட்ச் ஸ்ட்ராப்பையும் (நீளும் பட்டை) சாஃப்ட் ஷேக்கிளையும் (இரும்புக்குப் பதில் கயிற்றாலான ஷேக்கிள்) போட்டு இழுத்தோம். அதே வண்டி, அதே சேறு. குலுக்கலே இல்லாமல் வெளியே வந்தது.

விற்றவருக்கு அன்றே படங்களோடு எழுதினேன். முதல் பதில்: “சார், ஓவர்லோடு பண்ணியிருக்கீங்க.” இந்தப் பதிலைத்தான் எல்லாருக்கும் கொடுப்பார்கள் போலிருக்கிறது, அதனால் கணக்கைப் போட்டே காட்டுகிறேன். 2,500 கிலோ வண்டி மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் போய், கயிற்றின் பிடியில் 2 மீட்டர் தூரத்தில் நிற்கிறது என்று வையுங்கள். சராசரி விசை சுமார் அரை டன் எடைக்குச் சமம். நீளாத கயிறு 50 செ.மீ.யிலேயே நிறுத்திவிட்டால் அதுவே 2 டன். உச்சத்தில் அதைப் போல இரண்டு மடங்கு, ஏறத்தாழ 4 டன். அப்போதும் 4.75 டன் என்று போட்ட எல்லைக்குள்தான் வருகிறது. அந்த எண் முறியும் பலமும் இல்லை, தினசரி வேலைக்குப் பாதுகாப்பான சுமை. தரமான ஷேக்கிள் அதைப் போல 5, 6 மடங்கு இழுத்தால்தான் முறியும். இதை எழுதி அனுப்பியதும் பேச்சு மாறியது. உபயோகித்த பொருளுக்கு வாரன்டி இல்லை என்றார்கள். பிறகு, போட்ட விமர்சனத்தை எடுத்தால் பாதிப் பணம் தருகிறோம் என்றார்கள். நான் எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் விற்பனைப் பக்கத்தில் ‘நைலான்’, ‘30 சதவீதம்’ இரண்டும் காணாமல் போயின. பெயர் மட்டும் இன்னும் கைனெட்டிக்தான். இதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. பொருள் எதற்கு உதவாது என்று தெரிந்துகொண்ட பிறகும் அதே பெயரில் விற்கிறார்கள்.

கண்ணாடியை நான் மாற்றிக் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கயிற்றை அறுத்துப் பார்த்தேன். வெளியே நெருக்கமான கறுப்புப் பின்னல். உள்ளே பின்னலே இல்லை, முறுக்கில்லாத வெள்ளை இழைகள் கற்றையாகத் திணிக்கப்பட்டிருந்தன. அதில் ஒரு பிடியை வாளித் தண்ணீரில் போட்டு நன்றாகப் பிசைந்து காற்றை வெளியேற்றினேன். மிதந்தது. நைலான் தண்ணீரைவிடக் கனமானது, நனைந்தால் மூழ்கும். பாலிபுரோப்பிலீன் மிதக்கும். இதற்கு ஆய்வுக்கூடம் எதுவும் தேவையில்லை, வாளி போதும். ஆனால் மூழ்கினால் நைலான்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாலியெஸ்டரும் மூழ்கும், அது நைலான் அளவுக்கு நீளாது. சமதளத்தில் வண்டியைக் கட்டி இழுத்துப் போக அது நல்லதுதான், புதைந்த வண்டியை வேகம் எடுத்து இழுக்க ஆகாது.

ஷேக்கிள் விஷயம் இன்னும் எளிது. உண்மையான ஷேக்கிளில் சுமை அளவு இரும்பிலேயே புடைப்பாக இருக்கும். என்னுடையதில் பெயின்ட்டில் அச்சடித்திருந்தார்கள், பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்ததும் போய்விட்டது. பின்னின் தடிமனையும் பாருங்கள். 4.75 டன் ஷேக்கிளின் உடல் 19 மி.மீ. என்றால் பின் 22 மி.மீ. இருக்கும். 3.25 டன் என்றால் 16, 19. பின்தான் தடிமனாக இருக்க வேண்டும். எனக்கு வந்ததில் இரண்டும் ஒரே தடிமன்.

வாங்குமுன் விற்பவரிடம் நேராகக் கேளுங்கள்: எண் முறியும் பலமா, பாதுகாப்பான சுமையா? இழை எது? அந்தத் தொகுதிக்குச் சோதனைச் சான்று உண்டா? ஒழுங்கான தயாரிப்பாளர் இதற்குப் பதில் வைத்திருப்பார், கயிற்றிலேயே தைத்த லேபிளும் இருக்கும். என் கயிற்றில் லேபிளே இல்லை, எண்கள் எல்லாம் பையின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரில் இருந்தன. ஸ்னாட்ச் ஸ்ட்ராப் என்றால் முறியும் பலம், இரண்டில் இலேசான வண்டியின் மொத்த எடையைப் போல 2 முதல் 3 மடங்கு இருக்கட்டும். அதற்கு மேல் போனால் போதுமான அளவு நீளாது. முடிந்தவரை இரும்பு ஷேக்கிளை விட்டு சாஃப்ட் ஷேக்கிளுக்கு மாறிவிடுங்கள், பிய்ந்தாலும் அதற்கு எடை மிகக் குறைவு. டோ பாலில் (டிரெய்லர் மாட்டும் குமிழ்) மட்டும் யார் கெஞ்சினாலும் கயிற்றை மாட்டாதீர்கள். அது உடைந்து பறந்து உயிர்கள் போயிருக்கின்றன.

இதே மாதிரி கறுப்புக் கயிறும் சிவப்பு ஷேக்கிளும் உங்கள் வண்டியில் கிடந்தால், அடுத்த பயணத்துக்கு முன்னால் வெளியே எடுத்துப் பாருங்கள். போலி என்று உறுதியானால் கயிற்றை இரண்டாக வெட்டிவிடுங்கள். கூடாரம் கட்ட ஆகும் என்று முழுசாக வைத்திருந்தால், தடத்தில் ஒருநாள் யாராவது அவசரத்துக்கு எடுத்து மாட்டிவிடுவார்கள். வாங்கியவர்கள் ஆர்டர் ரசீதையும், விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் இப்போதே எடுத்து வையுங்கள். பக்கத்தை அவர்கள் மாற்றுவதற்கு முன் நான் எடுத்து வைத்திருந்த படம்தான் இப்போது என் புகாரோடு போயிருக்கிறது.