ரஷ்ய எரிவாயு: முன்பே விலகியவர், ஓடி விலகியவர், விலகாதவர்

2014 அக்டோபர் 27. லிதுவேனியாவின் கிளைபேடா துறைமுகத்துக்குள் 294 மீட்டர் நீளமுள்ள கப்பல் ஒன்று நுழைந்தது. திரவமாக வரும் எரிவாயுவை மறுபடி வாயுவாக்கிக் குழாயில் விடும் மிதக்கும் நிலையம் அது. பெயர் 'இண்டிபெண்டன்ஸ்', அதாவது சுதந்திரம். பெயர் கொஞ்சம் பெரிதாகத் தெரியலாம். ஆனால் அதுவரை அந்த நாட்டுக்கு எரிவாயு கொடுத்தது ரஷ்யாவின் காஸ்ப்ரோம் மட்டும்தான். அவர்கள் சொன்னதுதான் விலை.

கப்பலுக்கான ஒப்பந்தம் 2012லேயே போட்டாயிற்று, ரஷ்யா உக்ரைனிடமிருந்து கிரிமியாவைப் பறிப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பு. அப்புறம் வருடக்கணக்கில் நிலையம் முழு அளவில் ஓடவில்லை. வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வீண்செலவு என்று உள்நாட்டிலேயே பேச்சு எழுந்தது. ஆனால் கப்பல் வரப்போகிறது என்றதுமே காஸ்ப்ரோம் விலையைக் குறைத்ததே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது முழுப் படையெடுப்பு நடத்தியது. ஏப்ரலில் லிதுவேனியா ரஷ்ய எரிவாயு வாங்குவதை நிறுத்திவிட்டது. வாசல் ஏழு ஆண்டுக்கு மேலாகத் திறந்தே இருந்ததால் பெரிய தடுமாற்றம் இல்லை.

படையெடுக்கிற நாடு பீரங்கிகளை எண்ணும்போது, தன்னிடம் வாங்கிப் பழகியவர்கள் எத்தனை நாள் தாங்குவார்கள் என்றும் சேர்த்தே எண்ணுகிறது. இந்தக் கண்ணோடு பார்த்தால் ஜெர்மனி செய்தது எனக்கு இன்றும் வேதனை தருகிறது. கிரிமியா போன மறு வருடமே, 2015இல், ரஷ்யாவிலிருந்து கடலடியில் ஜெர்மனிக்கு எரிவாயு கொண்டுவரும் நார்ட் ஸ்ட்ரீம் 2 குழாய்க்கு உடன்பாடு ஏற்பட்டது. அதே ஆண்டு, நாட்டின் மிகப் பெரிய எரிவாயுக் கிடங்கான ரேடன், காஸ்ப்ரோம் குழுமத்தின் கைக்குப் போனது. 2021இல் ஜெர்மனி இறக்குமதி செய்த எரிவாயுவில் சுமார் 55 சதவீதம் ரஷ்யாவுடையது. அந்தக் குளிர்காலம் தொடங்கும்போது ரேடன் கிடங்கு கிட்டத்தட்ட காலி. சாவி யாரிடம் இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

2022 செப்டம்பரில் ஜெர்மனியின் அரசு அலுவலகங்களில் வெப்பநிலை 19 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. கை கழுவும் குழாய்களில் வெந்நீர் நிறுத்தப்பட்டது. சரி, அதற்குப் பிறகு காட்டிய வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். வில்ஹெல்ம்ஸ்ஹாவனில் முதல் எல்.என்.ஜி. (திரவ எரிவாயு) நிலையம் டிசம்பர் 17 அன்று திறக்கப்பட்டது. படையெடுப்பு தொடங்கிப் பத்து மாதம்கூட ஆகவில்லை.

ஹங்கேரி போனது எதிர்த்திசையில். 2021 செப்டம்பரில் காஸ்ப்ரோமுடன் 15 ஆண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு 450 கோடி கன மீட்டர். போர் வந்த பிறகும் அதை விடவில்லை. வீட்டு எரிவாயுக் கட்டணம் ஏறாமல் இருப்பது சாதாரண குடும்பத்துக்குப் பெரிய விஷயம், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் 'எங்களுக்குக் கடல் இல்லை, வேறு வழியில்லை' என்ற வாதத்தை ஏற்க முடியவில்லை. குரோஷியாவின் கிர்க் தீவு நிலையத்திலிருந்து ஹங்கேரிக்குக் குழாய் இருக்கிறது. கொஞ்சம் வாங்கியும் வந்தார்கள். கடலே இல்லாத செக் குடியரசு 2022இல் நெதர்லாந்தின் ஏம்ஸ்ஹாவன் துறைமுக நிலையத்தில் கொள்ளளவை வாடகைக்குப் பிடித்தது. மனம் இருந்திருந்தால் ஹங்கேரிக்கும் வழி இருந்தது.

மூன்றில் லிதுவேனியாவின் வழிதான் சரி என்பேன். தங்கள் பாதுகாப்புக்கான விலையை அவர்களே கொடுத்தார்கள், பிறர் தலையில் கட்டவில்லை, அதுதான் முக்கியக் காரணம். ஜெர்மனியும் மற்ற பணக்கார நாடுகளும் கடைசி நேரத்தில் கப்பல் கப்பலாக எரிவாயு தேடி ஓடியபோது, 2022 ஆகஸ்டில் ஐரோப்பியச் சந்தையில் ஒரு மெகாவாட்-மணி அளவு எரிவாயுவின் விலை 300 யூரோவைத் தாண்டியது. அந்த ஜூலையில் எல்.என்.ஜி. வாங்கப் பாகிஸ்தான் விட்ட டெண்டருக்கு ஒருவர்கூட விலை குறிப்பிடவில்லை. வங்கதேசம் அன்றாடச் சந்தையில் எல்.என்.ஜி. வாங்குவதையே நிறுத்தியது. மின்வெட்டு நேர அட்டவணைப்படி வந்தது. டாக்காவில் இரவு எட்டு மணிக்குக் கடைகளை அடைக்கச் சொல்லியிருந்தார்கள். ரேடன் கிடங்கைப் பற்றி அந்தக் கடைக்காரர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.