ஆறு குளிர்காலம், ஒரே லென்ஸ்: பரத்பூரில் 150-600

தூரத்துப் பறவையைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும் என் 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ் வாங்கி இந்த ஜனவரியோடு ஆறு வருஷம் முடிகிறது. ஆறு குளிர்காலமும் அதை ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். வாங்க நினைப்பவர்களுக்கு என் யோசனை: 600 என்ற எண்ணைவிட, 2 கிலோ என்ற எடையைப் பாருங்கள்.

பூங்கா வெறும் 29 சதுர கிலோமீட்டர். ஜீப் சஃபாரி கிடையாது. நடக்கலாம், சைக்கிள் எடுக்கலாம், ரிக்‌ஷாவில் போகலாம். காலையில் தோளில் மாட்டினால் பொழுது சாய்ந்துதான் இறக்குவேன். நண்பரின் 600 எஃப்/4 லென்ஸ் (எஃப் எண் சிறிதானால் உள்ளே வரும் வெளிச்சம் கூடும்) தரத்தில் எங்கோ மேலே. ஆனால் எடை அதிகம், பதினொரு மணிக்கு மேல் அது ரிக்‌ஷா சீட்டிலேயே இருந்துவிடும். கையில் இருக்கிற லென்ஸுக்குத்தான் படம் கிடைக்கிறது.

பனிமூட்டத்தில் எந்த லென்ஸும் தோற்கும். இந்த முறை காலை ஏழரைக்கு நாற்பது மீட்டர் தள்ளி ஒரு சாரஸ் கொக்கு ஜோடி நின்றது. 600-இல் எடுத்தும் சாம்பல் பூசியதுபோல்தான் வந்தது. இடையில் இருக்கிற பனியையும் சேர்த்துத்தானே லென்ஸ் இழுக்கிறது. அதை விட்டுவிட்டு, பாதையோரக் கருவேல மரத்தில் எட்டு மீட்டரில் இருந்த பாம்புத்தாராவிடம் வந்தேன். இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. முதுகில் வெள்ளிக்கோடு போட்ட ஒவ்வொரு இறகின் நுனியிலும் ஒரு துளி நீர். 400 மி.மீ., எஃப்/8, 1/320 நொடி, ஐஎஸ்ஓ 3200. ஆறு வருஷத்தில் எனக்கு மிகவும் பிடித்த படம் அதுதான்.

குறைகளும் உண்டு. மூன்றாம் வருஷத்திலிருந்து, லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்தால் குழல் தானாக நீள்கிறது. நடக்கும்போது பூட்டுப் பொத்தானை மறக்கக் கூடாது. 600-இல் எஃப்/6.3 வைத்தால் படம் கொஞ்சம் மென்மை. வெளிச்சம் இருந்தால் எஃப்/8 வைத்துவிடுவேன். பனியில் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் தேடி அலையும். ஃபோகஸ் தூரத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்சைத் தூரத்துக்கு மாற்றிவைத்தால் பாதி அலைச்சல் குறைகிறது. பறவை பத்து மீட்டருக்குள் இருந்தால் மட்டும் பழையபடி மாற்ற வேண்டும். குளிரில் இருந்து அறைக்குத் திரும்பியதும் பையைத் திறக்காதீர்கள். ஒரு மணி நேரம் மூடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் கண்ணாடி முழுக்க வேர்த்துவிடும். முதல் வருஷம் ஒரு மாலை முழுவதையும் அப்படித்தான் இழந்தேன்.

டிரைபாட் கொண்டுபோவதை நிறுத்தி நான்கு வருஷம் ஆகிறது. காலித் துணிப்பை ஒன்றுதான் ஊரிலிருந்து வரும். பரத்பூர் கடுகு விளையும் பூமி. கடைத்தெருவில் இரண்டு கிலோ கடுகு வாங்கி நிரப்பிவிடுவேன். அரிசியைவிடக் கடுகு லென்ஸின் வளைவுக்கு அழகாகப் படிந்து கொடுக்கிறது. ரிக்‌ஷாவின் கைப்பிடியில் வைத்தால் 1/100 நொடியிலும் படம் ஆடுவதில்லை.

மதியம் கேவலாதேவ் கோயில் பக்கம் உட்காருவேன். அங்கே கல்வெட்டில் வேட்டைக் கணக்கு இருக்கிறது: 1938 நவம்பர் 12, வைஸ்ராய் லின்லித்கோ வந்த அன்று சுட்ட பறவைகள் 4,273. ஒவ்வொரு வருஷமும் படிக்கிறேன், ஒவ்வொரு வருஷமும் வயிறு பிசைகிறது. அதே ஏரியில் இப்போது வரித்தலை வாத்துகள் இமயம் தாண்டி வந்து இறங்குகின்றன. ஒவ்வொரு நாளும் கடைசி முப்பது படங்களை அவற்றுக்காக வைத்திருப்பேன்.

திரும்பும்போது பையிலிருக்கும் கடுகை ரிக்‌ஷாக்காரர் வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன். வெறும் பையை மடித்து லென்ஸுக்கு அடியில் வைத்தால் ரயில் குலுக்கலுக்கு அது போதும்.