மூன்று வருஷமாக ஒரு மலிவு ஏர் பிஸ்டல்

பயணப் பெட்டியை எடை பார்க்கிற கொக்கித் தராசு ஒன்று வீட்டில் கிடந்தது. ஒருநாள் சந்தேகம் வந்து, அதன் கொக்கியை என் ஏர் பிஸ்டலின் டிரிகரில் மாட்டி, முனையைப் பெல்லட் (சிறு ஈயக் குண்டு) தடுப்புப் பெட்டிக்கு நேராக வைத்து மெதுவாக இழுத்தேன். தராசு 2.7 கிலோவைத் தொட்ட பிறகுதான் சுட்டது. பிஸ்டலின் எடையே 1.3 கிலோதான். அதைப்போல இரண்டு மடங்கு பாரத்தை ஒற்றை விரலால் இழுக்க வேண்டும், ஆனால் முனை துளிகூட ஆடக் கூடாது! 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டி விதியில் டிரிகரை இழுக்கும் பாரம் குறைந்தபட்சம் 500 கிராம் இருந்தால் போதும். போட்டிப் பிஸ்டலுக்கும் மலிவுப் பிஸ்டலுக்கும் உள்ள விலை வித்தியாசம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

என்னுடையது பீப்பாயை (குழலை) மடக்கி, காற்றை அமுக்கும் ஸ்பிரிங்கை ஏற்றுகிற வகை. பெல்லட் அளவு 4.5 மி.மீ., ஒரு தடவைக்கு ஒரு பெல்லட். இதுவரை 500 பெல்லட் டப்பா பதினேழு காலி. வேறு சில வகைகளைப்போலக் கேஸ் குப்பி வாங்கும் செலவு கிடையாது, அதற்காகத்தான் இதை எடுத்தேன்.

முதல் ஐம்பது அறுபது ரவுண்டு வரை லேசான புகையும் எண்ணெய் கருகும் வாடையும் வந்தது. பயந்துவிட்டேன். உள்ளே தடவியிருந்த எண்ணெய், அமுங்கிய காற்றின் சூட்டில் எரிகிறது, அவ்வளவுதான். தானாக நின்றது. பின் குறியின் (குறி பார்க்கும் பின்பக்கத் தகட்டின்) திருகு மட்டும் ஓயாமல் கழன்றது. ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்த பிறகு அசையவில்லை.

குறி விஷயத்தில் பீப்பாயைக் குறை சொல்ல மாட்டேன். கையோடு வந்த பெல்லட்டில் பாதிக்கு அடிப்பாவாடை (பின்பக்க விளிம்பு) நசுங்கியிருந்தது. பத்து மீட்டரில் ஐந்து ஓட்டை நாலு சென்டிமீட்டருக்குச் சிதறும். தட்டைத் தலை பெல்லட்டில் கொஞ்சம் நல்லதாக வாங்கியதும் அதுவே இரண்டரைக்குள் வந்தது, காகிதத்திலும் ஓட்டை வெட்டினாற்போல் விழுந்தது. போட்டி இலக்குத் தாளில் பத்துப் புள்ளி வட்டத்தின் அகலம் 11.5 மி.மீ. என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த இரண்டரையும் உட்கார்ந்து, கையை மெத்தை மேல் வைத்துச் சுட்டபோது வந்தது. பிஸ்டலையே மேசை மேல் வைத்தால் ஓட்டை வேறு எங்கோ போகும், ஏனென்றால் ஸ்பிரிங் பிஸ்டல் முதலில் பின்னால் உதைத்து அப்புறம் முன்னால் உதைக்கும். நின்று, ஒற்றைக் கையில் சுட்டால் கதையே வேறு. வலது கைக்காரனான எனக்கு எல்லாம் கீழே இடது பக்கம் போய்ச் சேர்ந்தது. டிரிகரைப் பிடுங்குகிற பழக்கம். அந்தப் பழக்கத்தைக் கைவிட எட்டு மாதம் ஆயிற்று.

அப்புறம் பழக்கமான ஒருவர் தன் போட்டிப் பிஸ்டலைக் கையில் கொடுத்தார். குறி பார்க்கும் முன்பே சுட்டுவிட்டேன். விரல் அப்படிப் பழகியிருக்கிறது!

இரண்டாம் வருஷக் கடைசியில் சத்தம் மாறியது, பெல்லட் தாழ்ந்து விழுந்தது. பீப்பாய் மூட்டின் மேல் ஒரு துண்டு டிஷ்யூ தாளை வைத்துச் சுட்டேன். தாள் துள்ளியது. ரப்பர் வளையம் தேய்ந்து காற்று கசிகிறது. வளையம் மாற்றக் கால் மணி நேரம். ஸ்பிரிங் இன்னும் பழையதுதான்.

வாங்கலாமா? காகிதத்தில் ஓட்டை போட்டு மகிழ வேண்டும், இந்த விளையாட்டு ஒட்டுமா என்று பார்க்க வேண்டும் என்றால் தாராளமாக. போட்டிக்குப் போகிற எண்ணம் இருந்தால் வேண்டாம், துப்பாக்கி சுடும் கிளப்பின் பிஸ்டலில் பழகுங்கள். உங்கள் ஊர்ச் சட்டத்தை முதலில் பாருங்கள், ஏர்கன்தானே என்று இருந்துவிடாதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுடாதீர்கள், ஈயம் தொட்ட கையைக் கழுவுங்கள். பெல்லட் போடும்போது மடக்கிய பீப்பாயை மற்றக் கை விடவே கூடாது. ஒரு தடவை விட்டேன். விரல் தப்பியது, நகம் தப்பவில்லை.