இ.யூ., ஐக்கஃப், எஸ்.சி.எம்.: முதலாண்டு மாணவர் எதில் சேரலாம்?

விடுதியில் பெட்டியை இறக்கிய முதல் வாரத்திலேயே கதவு தட்டப்படும். "தம்பி, கிறிஸ்டியனா? எந்த சர்ச்?" என்று ஒரு சீனியர் அண்ணன் நிற்பார். ரெக்கார்டு நோட்டு எங்கே மலிவு, எந்த மெஸ்ஸில் சாம்பார் தேறும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, "செவ்வாய் ராத்திரி எட்டரைக்கு ஜெபம் இருக்கு, வந்துரு" என்பார். பாதிப்பேர் குழுவில் சேர்வது இப்படித்தான். முதலில் தட்டியவர் எந்தக் குழுவோ, அதுவே நம் குழு. அவர் நல்லவராகவே இருக்கட்டும், அந்தக் குழு உங்களுக்குப் பொருந்துமா என்பது தனிக்கேள்வி.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பெரும்பாலும் எதிர்ப்படும் கிறிஸ்தவ மாணவர் அமைப்புகள் மூன்று. யு.இ.எஸ்.ஐ. என்னும் இந்திய நற்செய்தி மாணவர் ஒன்றியம் 1954-இல் உருவானது. கல்லூரிக்குள் அதன் கிளைக்கு இ.யூ. என்று பெயர். ஐக்கஃப் எனப்படும் அனைத்திந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் கூட்டமைப்பு இயேசு சபையினர் வளர்த்தது. 1924-இல் தொடங்கி நூறாண்டைக் கடந்துவிட்டது. இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கமான எஸ்.சி.எம். 1912-லிருந்து இருக்கிறது, 1895-இல் சுவீடனில் தொடங்கிய உலக மாணவர் கிறிஸ்தவப் பேரவையின் குடும்பம். இவற்றோடு நான்காவதாக, கல்லூரி வாசலுக்கு அருகே இருக்கும் ஏதாவது ஒரு சபையின் வாலிபர் கூட்டம்.

நோட்டீஸைப் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். 'ஜெபம்', 'கர்த்தர்', 'வேதபாடம்' என்று இருந்தால் சீர்திருத்த சபைகளின் வழக்கு. 'செபம்', 'ஆண்டவர்', 'விவிலியம்' என்று இருந்தால் கத்தோலிக்க வழக்கு. 'சமூகநீதி', 'களப்பயணம்' என்ற சொற்கள் கண்ணில் பட்டால் ஐக்கஃப் அல்லது எஸ்.சி.எம். ஆக இருக்க வாய்ப்பு அதிகம்.

இ.யூ.வின் பலம் அதன் அன்றாடம். விடுதி அறையிலோ மொட்டைமாடியிலோ ஆறேழு பேர் கூடும் ஜெபக்குழு, வாரம் ஒரு வேதபாடம், வார இறுதியில் பல கல்லூரிகள் சேரும் கூட்டம். வேதபாடத்தில் பிரசங்கம் கிடையாது. பகுதியை வாசித்து, அதில் என்ன இருக்கிறது, அதன் பொருள் என்ன, நமக்கு என்ன என்று மூன்று படியாகக் கேள்வி எழுப்புவார்கள். நடத்துபவர்களும் மாணவர்கள்தான். முழுநேர ஊழியர் ஒருவர் அவ்வப்போது வந்து பார்ப்பார். படித்து முடித்து வேலையில் இருப்பவர்கள் பணம் கொடுத்துத் தாங்குவதோடு, ஞாயிறு மதியம் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறும் போடுவார்கள். வீட்டை விட்டு முதன்முறை வந்த பிள்ளைக்கு இதைவிட ஆறுதல் வேறில்லை.

சிக்கலும் அங்கேயே இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஜெபக்குழு தினம் அரை மணி வீதம் ஆறு நாளைக்கு மூன்று மணி நேரம், வேதபாடம் ஒன்றரை, வார இறுதிக் கூட்டம் போய்வர மூன்று. வாரம் ஏழரை மணி நேரம் போகிறது. இரண்டாமாண்டில் பொறுப்பும் வந்தால் பத்தைத் தாண்டும். முதல் செமஸ்டரில் கணக்கு அரியர் விழுந்த பிறகுதான் பலருக்கு இது உறைக்கிறது.

ஐக்கஃப் நேர் எதிர். வாரம் ஒரு கூட்டம், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் வீதிநாடகம், கிராம முகாம், மாநில மாநாடு என்று வரும்போது நாள்கணக்கில் இழுக்கும். பார், சிந்தி, செயல்படு என்பதே அங்கே முறை. குடிநீர்ப் பிரச்சினையோ சாதிக்கொடுமையோ, முதலில் போய்ப் பார்ப்பது, காரணத்தை அலசுவது, பிறகு ஏதாவது செய்வது. மேடைப்பேச்சும் கூட்டத்தை நடத்தும் பழக்கமும் இங்கே வருவதுபோல் மற்ற இடங்களில் வராது. கத்தோலிக்கர் அல்லாதவர்களும் வரலாம். செபமும் விவிலியமுமே வேண்டும் என்று போகிறவர்தான் ஏமாறுவார். அதற்குக் கல்லூரிச் சிற்றாலயத்தின் திருப்பலியும் பாடகர் குழுவும் போதும்.

எஸ்.சி.எம். பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சி.எஸ்.ஐ., லுத்தரன், மார்த்தோமா என எல்லாரும் சேர்ந்து உட்காரும் இடம். சந்தேகத்தை வாய்விட்டுக் கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் ஆர்வமுள்ள ஒரு பேராசிரியரோ சாப்ளின் எனப்படும் கல்லூரிப் போதகரோ இருக்கும்வரைதான் பல கல்லூரிகளில் அது உயிரோடு இருக்கும். சேருமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன செமஸ்டரில் எத்தனை முறை கூடினீர்கள்?" பதில் இழுபறியாக இருந்தால் பெயர்ப்பலகை மட்டும்தான் மிச்சம் என்று அர்த்தம்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் கொள்கையைவிடக் கல்லூரிதான் அதிகம் தீர்மானிக்கிறது. அரசுக் கல்லூரி வளாகத்துக்குள் மதக்கூட்டத்துக்கு அனுமதி கிடைப்பது அரிது. அங்கே வெளியே ஒரு வீட்டிலோ சர்ச் ஹாலிலோ கூடும் இ.யூ.தான் பெரும்பாலும் கைக்கு எட்டும். மாணவியர் விடுதிக் கதவு இருட்டுமுன்பே மூடும் இடங்களில், அறைக்குள்ளேயே கூடும் குழு இருக்கிறதா என்று ஏதாவது ஒரு சீனியர் அக்காவிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கத்தோலிக்கக் கலைக் கல்லூரி என்றால் ஐக்கஃபையே முதலில் எட்டிப் பார்க்கலாம். அது கல்லூரியே நடத்தும் அமைப்பாக இருந்தால் நிகழ்ச்சிகளுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, வகுப்புக்கு வராவிட்டாலும் வந்ததாகக் கணக்கு) கிடைக்கவும் வழியுண்டு. வெளியே கூடும் குழுவின் கேம்ப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. 75 விழுக்காடு வருகை வேண்டும் என்றால், 45 மணி நேரப் பாடத்தில் உங்கள் கையிருப்பு பதினோரு மணி நேரம்தான். காய்ச்சலுக்கும் ஊருக்குப் போவதற்கும் அதில்தான் எடுக்க வேண்டும். கேம்ப் தேதியை இன்டர்னல் அட்டவணையோடு ஒப்பிடாமல் பெயர் கொடுக்காதீர்கள்.

அருகிலுள்ள சபையின் கூட்டத்துக்குத் தனி எச்சரிக்கை தேவை. பாட்டும் கிட்டாரும் நன்றாகவே இருக்கும், சாப்பாடும் உண்டு. மூன்றாம் மாதத்தில் "குழந்தையில எடுத்தது ஞானஸ்நானமே இல்ல, முழுக்கு எடுக்கணும்" என்று பேச்சு வரலாம். மாணவர் அமைப்புகள் பல சபைப் பிள்ளைகளை வைத்து நடப்பதால் இந்தச் சண்டைக்குள் போகாமல் இருக்கவே பார்க்கும். தனிச் சபைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முழுக்கு எடுப்பதும் எடுக்காததும் உங்கள் முடிவு. ஆனால் செமஸ்டர் நடுவில், வீட்டுக்குத் தெரியாமல், ஒரு வாரக் கெடுவில் அதை எடுக்கச் சொன்னால் அங்கே நிற்க வேண்டாம். தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு காணிக்கை, என்று ஸ்காலர்ஷிப் பணத்தில் கை வைக்கச் சொன்னாலும் அப்படித்தான்.

முதல் மாதம் ஒவ்வொன்றிலும் இரண்டு முறை சும்மா போய் உட்காருங்கள். பாடகர் குழு, பொருளாளர், வாட்ஸ்அப் அட்மின் என்று எந்தப் பொறுப்பும் வேண்டாம். விலகிப்போனவர் ஒருவரைத் தேடிப்பிடித்துப் பேசுங்கள். குழுவில் இருப்பவர்கள் அவரை இன்னமும் டீக்குக் கூப்பிடுகிறார்களா, அல்லது 'பின்வாங்கிப் போனவன்' என்று ஒதுக்கிவிட்டார்களா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். இறுதியாண்டு மாணவர்களிடம் அரியர் எத்தனை என்று விசாரியுங்கள். காணிக்கைக் கணக்கு நோட்டு யாரிடம் இருக்கிறது, யார் சரிபார்க்கிறார் என்பதையும் கேளுங்கள். கேட்டதற்காகக் கோபப்படும் குழுவில் அடுத்த செவ்வாய் எட்டரைக்கு உங்கள் நாற்காலி காலியாகவே இருக்கட்டும்.